பூஜ்யத்துக்குள் ஒரு சுகவாசம்

மென்பொருள் நூலகங்களின் பதிப்பு எண்ணுக்கென்று ஒரு விதிப்புத்தகம் உண்டு: செமாண்டிக் வெர்ஷனிங். எண் பூஜ்யத்தில் தொடங்கினால் எது வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்கிறது அது. இப்படியொரு முன்ஜாமீன் கையில் இருக்கும்போது 1.0-க்கு யார்தான் அவசரப்படுவார்? 2001-இல் 0.1 ஆகப் பிறந்த பைத்தானின் அறிவியல் கணக்கீட்டு நூலகம் சைபை, விஞ்ஞானிகள் அதை நம்பி ஆண்டுக்கணக்கில் கணக்குப் போட்ட பிறகு, 2017-இல்தான் 1.0 ஆனது. ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்ட் வேறு ரகம், 2016-இல் 0.14-ஐ விட்டு ஒரே தாவலில் 15-க்குப் போய்விட்டது.

பூஜ்யம் அலுத்தவர்களுக்கு, எண்ணின் பின்னால் ஒட்டிக்கொள்ள ஆல்பா, பீட்டா, ஆர்.சி. (ரிலீஸ் கேண்டிடேட்) என்று முன்வெளியீட்டு வால்கள் இருக்கின்றன. பைத்தான் நூலகங்களை நிறுவித் தரும் பிப், வால் முளைத்ததைக் கேட்டால்தான் தரும். வாலில்லாதது ஒன்றுகூட இல்லையென்றால் மட்டும் இருப்பதை எடுத்து நீட்டும். ஜாவாஸ்கிரிப்ட் உலகில் அதே வேலையைச் செய்யும் என்.பி.எம்.முக்குத் தாராள மனசு. டேக் எதுவும் சொல்லாமல் பீட்டாவை வெளியிட்டால், நெடுங்காலம் அதற்கு 'லேட்டஸ்ட்' என்று தானே முத்திரை குத்தி ஊருக்கெல்லாம் அனுப்பிவைத்தது. சோதித்துப் பார்க்கச் சம்மதித்தவர்கள் நாலு பேர். சோதனைக்கு ஆளானவர்கள் மற்ற எல்லோரும்.

பைத்தான் நூலகங்களின் பொதுக் கிடங்கான பைபிஐயில் ஏற்றிய கோப்பை அழிக்கலாம், ஆனால் அதே பெயரில் திரும்ப ஏற்ற முடியாது. ஆகவே ஆர்.சி.1-இல் ஒரு காற்புள்ளி தவறினாலும் அடுத்தது ஆர்.சி.2 தான். அத்தனை ஆர்.சி.யும் வந்து போகும்வரை எவரும் வாய் திறக்க மாட்டார்கள். உண்மையான சோதனையாளர்கள் வருவது 1.0 வெளியான மறுநாள் காலையில், கையில் புகாரோடு.