மெதுவாகப் பேசிய அமெரிக்கா

மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மர்ஃபி ரேடியோ இருந்தது. அதற்கு அப்பா வருஷாவருஷம் போஸ்டாபீசில் லைசென்ஸ் கட்டினார். பகலில் அது அம்மாவுடையது; இலங்கை வானொலிப் பாட்டுகள் ஓடும். ராத்திரி எல்லாரும் பாயை விரித்த பிறகு என் கைக்கு வரும். சிற்றலையில் முள்ளை மெல்ல நகர்த்தினால் இரைச்சலுக்கு நடுவே வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா கிடைக்கும். அதில் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்று ஒரு நிகழ்ச்சி. அப்போது நான் பி.யு.சி. மாணவி.

1959 அக்டோபரில் தொடங்கிய நிகழ்ச்சி அது. எல்லாவற்றையும் சுமார் 1,500 சொற்களுக்குள் சொல்லிவிடுவார்கள். சின்னச் சின்ன வாக்கியங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம்தான். வாசிக்கும் வேகமும் வழக்கமானதில் மூன்றில் இரண்டு பங்குதான். கல்லூரியில் எங்களுக்கு லாம்பும் ஹாஸ்லிட்டும் பாடம். நோட்ஸ் இல்லாமல் அவர்களைக் கடக்க முடியாது. ரேடியோவில் வந்த ஆங்கிலம் நேராக உள்ளே இறங்கியது. ஓ ஹென்றி, ஜாக் லண்டன் கதைகளை எளிமையாக்கிப் படித்தார்கள். அமெரிக்க வரலாற்றைத் தொடராகச் சொன்னார்கள்.

அது நெருக்கடி நிலைக் காலம். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. 1976 ஜனவரி கடைசியில் தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைத்தார்கள். டீக்கடையில் அரசியல் பேசுகிறவர்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசினார்கள். ஆகாசவாணியில் ஆட்சியைக் குறை சொல்லும் வார்த்தை ஒன்றுகூட வராது. அந்த நாளில் இன்னொரு தேசத்தின் அரசாங்க வானொலி, தன் ஜனாதிபதி நிக்சன் 1974 ஆகஸ்டில் ஏன் பதவி விலக நேர்ந்தது என்று எனக்குப் புரியும்படி சொன்னது. 1955-ல் அலபாமா மாநிலத்து மான்ட்கமரியில் ரோசா பார்க்ஸ் பஸ் இருக்கையை விட்டு எழ மறுத்ததையும், அதற்குப் பிறகு அந்த ஊர்க் கறுப்பின மக்கள் ஒரு வருஷத்துக்கு மேல் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போனதையும் சொன்னது. பதினேழு வயதில் எனக்கு அது பெரிய அதிர்ச்சி. ஒரு நாடு தன் அசிங்கத்தைத் தானே எடுத்து வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்குமா?

பனிப்போர்க் காலத்து வானொலி அது. அமெரிக்காவை உலகம் விரும்பவேண்டும் என்பதற்காகத்தான் அதற்குப் பணம் ஒதுக்கினார்கள். அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் 1976 ஜூலையில் ஜனாதிபதி ஃபோர்டு ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். இந்த வானொலியின் செய்தி துல்லியமாக இருக்கவேண்டும். அமெரிக்கச் சமூகத்தின் ஏதாவது ஒரு பிரிவை மட்டும் அது காட்டக்கூடாது. அரசின் கொள்கையோடு அதைப் பற்றிய பொறுப்பான விவாதத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எங்கள் நாட்டில் வாய்ப்பூட்டு போட்டிருந்த அதே வருஷம். புதிதாக மொழி கற்கும் ஒருவருக்கு ஒரு சமூகத்தை எப்படி அறிமுகப்படுத்துவது என்பதற்கு இதைவிட நல்ல விதியை நான் இதுவரை பார்க்கவில்லை.

எண்பதுகளில் கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தேன். இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஊர்ப் பொது நூலகத்தில் வாரம் ஒரு மாலை, புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். சம்பளம் இல்லாத வேலை. டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த ஒரு பரிசாரகி, ஹெய்ட்டியிலிருந்து வந்து முதியோர் இல்லத்தில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர், சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துத் தம்பதி, ஒரு குஜராத்திப் பாட்டி, மகன் வீட்டுக்குக் கிரீன் கார்டில் வந்த கரூர்ப் பெரியவர் என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

அன்று எனக்கு இருந்தது ஒரு குரல். அதுவும் அடிக்கடி மங்கிப்போகும். இவர்களுக்கு அமெரிக்கா முழுக்கக் கைப்பேசியில் ஓடுகிறது. ஹாலோவீனுக்கு என்ன வேஷம் போடவேண்டும், பிளாக் ஃப்ரைடேக்கு எந்தக் கடையில் என்ன தள்ளுபடி, எல்லாம் தெரியும். வாசலுக்கு வெளியே இருக்கும் அமெரிக்கா மட்டும் தெரியாது. எங்களுக்கு இலவசமாகக் கிடைத்த பாடப் புத்தகமும் அதற்கு உதவவில்லை. அதில் வான்கோழி இருக்கிறது, வாணவேடிக்கை இருக்கிறது, மஞ்சள் பள்ளி பஸ் படமும் இருக்கிறது. அந்த பஸ் சிவப்பு விளக்கு மின்னி நிற்கும்போது பின்னால் வரும் வண்டியும், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டியும் நின்றே ஆகவேண்டும் என்பது இல்லை. குழந்தையின் உயிர் சம்பந்தப்பட்டது அந்த ஒரு வரிதான்.

அதனால் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டேன். ஒரு மாலை, போலீஸ்காரர் காரை நிறுத்தினால் என்ன செய்வது என்று பாடம். ஓரமாக நிறுத்தி, உள்ளேயே இருந்து, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வைக்கவேண்டும். கேட்காமல் பையிலோ டேஷ்போர்டிலோ கையை விடக்கூடாது. கரூர்ப் பெரியவர் எழுந்தே விட்டார்.

“ஏனுங்க டீச்சரம்மா, பெரிய அதிகாரி பக்கத்துல வர்றப்ப எறங்காம உள்ளயே உக்காந்திருந்தா, திமிருன்னு நெனைக்க மாட்டாருங்களா?”

நல்ல கேள்வி. நம் ஊரில் இறங்கிப் போய் நின்று பேசுவதுதான் மரியாதை. இங்கே இறங்கி அவரை நோக்கி நடப்பதே மிரட்டலாகத் தெரியலாம். காரணம், இந்த நாட்டில் பொதுமக்கள் கையில் துப்பாக்கி இருக்கிறது; எந்தக் காரில் இருக்கும் என்று அதிகாரிக்குத் தெரியாது. “சரிங்க, இது அவருக்கும் பயம், நமக்கும் பயம்” என்றார் பெரியவர். ஹெய்ட்டிக்காரர் அதுவரை பேசவில்லை. பிறகு, தன் மகனுக்கு லைசென்ஸ் எடுத்த அன்றே இதைச் சொல்லிக்கொடுத்ததாகவும், கறுப்பினப் பையன் என்பதால் இரண்டு தடவை நடித்துக் காட்டச் சொன்னதாகவும் சொன்னார். ரோசா பார்க்ஸ் கதையை அன்று முழுக்கப் படித்தோம். விதியைச் சொல்லிக் காரணத்தை விட்டால், கீழ்ப்படியப் பழக்குகிறோம் என்றுதான் அர்த்தம்.

டிப்ஸும் அப்படித்தான். பில்லில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது ஏன் வைக்கவேண்டும் என்று குஜராத்திப் பாட்டி கோபப்பட்டார். பரிசாரகி பதில் சொன்னார். டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் அது ஏறவே இல்லை. நியூ ஜெர்சி போன்ற மாநிலங்கள் கூட்டியிருக்கின்றன, பல மாநிலங்கள் கூட்டவில்லை. டிப்ஸ் சேர்ந்தும் 7.25 டாலர் எட்டவில்லை என்றால் மீதியை முதலாளி ஈடுகட்டவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கேட்கத் தைரியம் வேண்டும் என்றார். பாட்டி சிறிது நேரம் யோசித்தார். “அப்போ முதலாளி கொடுக்கவேண்டிய கூலியை நாம் கொடுக்கிறோம்” என்றார். எந்தப் பொருளாதாரப் புத்தகமும் அதை அவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது.

புதியவர்களுக்குக் கலாசாரம் கற்பிப்பது என்றால் அவர்களைக் கழுவித் துடைத்து வேறு ஆளாக்குவது என்று நினைத்த காலமும் இங்கே உண்டு. 1914-ல் டெட்ராய்ட் அருகே ஹைலண்ட் பார்க்கில் ஃபோர்டு கம்பெனி தன் தொழிலாளர்களுக்கு ஆங்கிலப் பள்ளி தொடங்கியது. அதன் பட்டமளிப்பு நாடகத்தில், சொந்த ஊர் உடுப்போடு வரும் தொழிலாளர்கள் மேடையில் வைத்த பெரிய கொப்பரைக்குள் இறங்குவார்கள். ஆசிரியர்கள் நீளக் கரண்டியால் கிண்டுவார்கள். மறுபக்கம் அமெரிக்க உடுப்பில், கையில் கொடியோடு ஏறி வருவார்கள். அந்தப் புகைப்படத்தைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. இவர்களில் ஒருவரையும் நான் அந்தக் கொப்பரையில் இறக்கமாட்டேன்.

அதற்கு மாறாக ஃபூஜியன் தம்பதிக்கு நான் சொன்னது லாவ் வழக்கு. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகளைச் சும்மா வகுப்பில் உட்காரவைத்திருந்தார்கள். 1974-ல் உச்ச நீதிமன்றம், ஒரே மேஜையும் ஒரே புத்தகமும் ஒரே வாத்தியாரும் கொடுத்துவிட்டால் சமத்துவம் ஆகிவிடாது என்று தீர்ப்பளித்தது. அவர்கள் மகளுக்குப் பள்ளியில் தனியாக ஆங்கில வகுப்பு கிடைப்பது யாருடைய தயவும் இல்லை, அந்த வழக்கு தந்தது. கரூர்ப் பெரியவருக்கு 1923-ம் வருஷக் கதை. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திந்த், இந்தியர் என்பதால் வெள்ளையர் அல்ல, குடியுரிமை கிடையாது என்றது அதே உச்ச நீதிமன்றம். 1946-ல்தான் இந்தியர்களுக்கு அந்த உரிமை வந்தது. அப்போதும் குடியேற வருஷத்துக்கு சுமார் 100 பேர். 1965-ல் நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்த பிறகே எங்களைப் போன்றவர்கள் வர முடிந்தது. அந்தச் சட்டத்துக்கு வழி திறந்தது மான்ட்கமரியில் நடந்தவர்களின் கால்கள்தான். இங்கே வசதியாக வாழும் நம்மவர்கள் பலருக்கு இது தெரியவில்லை. அது எனக்குத் தீராத வருத்தம்.

2025 மார்ச் 1-ம் தேதி ஆங்கிலம் நாட்டின் ஆட்சிமொழி என்று ஜனாதிபதி உத்தரவு வந்தது. ஆங்கிலம் சரியாக வராதவர்களுக்கு அரசு அலுவலகங்கள் மொழி உதவி தர வழிகாட்டிய 2000-ம் வருஷத்து உத்தரவை அது ரத்து செய்தது. அதே மாதம் நடுவில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஊழியர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். வழக்குகள் நடந்தன. உலகத்துக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்த பகுதியும் அதில் சிக்கியது. அக்டோபரில் குடியுரிமைத் தேர்வும் கடினமானது. முன்பு 100 கேள்விப் பட்டியலிலிருந்து பத்து கேட்பார்கள், ஆறு சரியாக இருந்தால் போதும். இப்போது பட்டியலில் 128. இருபது கேட்பார்கள், பன்னிரண்டு சரியாக வேண்டும். ஆங்கிலம் படி, படித்தே ஆகவேண்டும் என்கிற அரசு, படிக்க உதவும் கையை எடுத்துக்கொள்வது நியாயமில்லை. இதை நான் வகுப்பிலும் சொன்னேன். அதே மூச்சில், அந்த உத்தரவுகளை ஆதரிப்பவர்களின் வாதத்தையும் அவர்கள் சொற்களிலேயே படித்துக் காட்டினேன். ஒரு நாட்டுக்கு ஒரு பொதுமொழி வேண்டும் என்பது கேட்கவேண்டிய வாதம்தான். மேஜையைச் சுற்றிக் கருத்து இரண்டாகப் பிரிந்தது. குஜராத்திப் பாட்டி உத்தரவின் பக்கம் நின்றார்.

வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா தானே தயாரித்த பழைய பாடங்களுக்குக் காப்புரிமை இல்லை. அவற்றை அச்செடுத்து வைத்திருக்கிறேன். அதில் இல்லாததை வகுப்பே எழுதுகிறது, ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயமாக. 911-ஐ அழைத்தால் முதலில் முகவரியைச் சொல்லவேண்டும் என்பதை ஹெய்ட்டிக்காரர் எழுதினார். இன்ஷூரன்ஸ் இருந்தும் டிடக்டிபிள் தீரும்வரை பில் ஏன் வருகிறது என்று ஃபூஜியன் தம்பதி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர் அடுத்த மாதம் ஊராட்சிக் கூட்டத்துக்குப் போகிறார். பொதுமக்கள் பேசுவதற்கென்று அங்கே கொஞ்சம் நேரம் ஒதுக்குவார்கள். மகன் தெருவில் நடைபாதை இல்லை, வயசானவர்கள் வண்டிகளுக்கு நடுவில் நடக்கிறார்கள் என்று சொல்லப்போகிறார். மூன்று நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது என்பதால் இரண்டு வாக்கியத்தை வெட்டச் சொன்னேன், ஒன்றைத்தான் வெட்டினார்.