மறுவீடு போன திமிங்கிலம்

ஏறத்தாழ 37 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் சில மீன்கள் கடலோரச் சேற்றில் தவழ்ந்து கரையேறின. யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. துடுப்பு காலாயிற்று, செவுள் போய் நுரையீரலே கதியாயிற்று; பிறகு ரோமம், தாய்ப்பால், வெதுவெதுப்பான ரத்தம் என்று பரம்பரை பரம்பரையாகச் சேர்த்த சீர்வரிசை. இவ்வளவும் சேர்ந்த பிறகு, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், நான்கு குளம்புக் காலோடு நின்ற ஒரு கிளை 'பிறந்த வீடே தேவலை' என்று கடல் பக்கம் திரும்பிவிட்டது.

முடிவெடுத்துத் திரும்பியது என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். பரிணாமத்தில் யாரும் எதையும் முடிவெடுப்பதில்லை. தண்ணீரில் சமாளிக்கத் தெரிந்தது குட்டி போட்டது. தெரியாதது எவனுக்கோ மதியச் சாப்பாடானது. கமிட்டி, தீர்மானம் எதுவும் கிடையாது.

நடந்த இடம் நம் துணைக்கண்டம். இந்தியா அப்போதுதான் ஆசியாவின் மேல் வந்து இடித்துக்கொண்டிருந்தது. இடையில் மாட்டிய டெத்திஸ் கடல் ஒடுங்கிக்கொண்டே போக, ஆழமில்லாத தண்ணீரும் மீனும் ஓரமெல்லாம் தாராளம். அங்கே பூனை அளவில் இண்டோஹையஸ் என்று ஒரு பிராணி இருந்தது. எதிரி வந்தால் தண்ணீருக்குள் பாய்ந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஆப்பிரிக்காவில் ஒருவகைச் சருகுமான் இன்றைக்கும் அதைத்தான் செய்கிறது. மேலே மிதந்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க வசதியாக, இண்டோஹையஸின் கால் எலும்புகள் கெட்டியாக, கனமாக இருந்தன.

இதைக் கண்டுபிடித்த லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். ஜம்மு பக்கம் காலாகோட்டில் ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் பாறைகளைச் சேகரித்து, 1971இல் இந்தப் பிராணிக்குப் பெயரும் வைத்தார். மிச்சப் பாறைகள் உடைக்கப்படாமலே கிடந்தன. அவர் மறைந்த பிறகு, அவர் மனைவி அவற்றை ஹான்ஸ் தெவிஸன் என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். அங்கே உதவியாளர் ஒருவர் கைதவறி ஒரு மண்டையோட்டை உடைத்துவிட்டார். திட்டு வாங்க வேண்டிய இடம். ஆனால் உடைந்த காதெலும்பின் ஒரு பக்கம் தடித்துத் தெரிந்தது. அப்படிப்பட்ட காது திமிங்கில வம்சத்துக்கே உரிய அடையாளம்! 2007இல் உலகத்துக்கே அறிவித்தார்கள். இண்டோஹையஸ் நேர்ப் பாட்டன் இல்லை, பெரியப்பா வீட்டுப் பிள்ளை. ஆனாலும் ஜாடை ஜாடைதானே.

நேர் வம்சத்துக்கு நெருக்கமாகப் பாகிஸ்தானில் ஓநாய் அளவு பாகிசீட்டஸ் கிடைத்தது. பிறகு முதலை மாதிரி பதுங்கியிருந்து கவ்வும் ஆம்புலோசீட்டஸ். அதற்கும் பல லட்சம் ஆண்டுகள் கழித்து வந்தது பாசிலோசாரஸ். பாம்பு போல நீண்ட உடம்பு, பின்னால் பொம்மைக்கு வைத்த மாதிரி இரண்டு குட்டிக் கால். நடக்க உதவாது.

இந்தப் பாசிலோசாரஸ் மனிதர்களிடம் பட்ட பாடு தனிக்கதை. 1834இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹார்லன் அதன் எலும்பைப் பார்த்துப் பிரம்மாண்டமான பல்லி என்று முடிவுகட்டி, அப்படியே பெயரும் சூட்டினார். லண்டனில் ரிச்சர்ட் ஓவன் பல்லைப் பார்த்ததுமே பாலூட்டி என்று சொல்லிவிட்டார். ஆனால் விலங்கியல் விதிப்படி முதலில் வைத்த பெயரே செல்லும். பாவம், திமிங்கிலம் இன்றுவரை பல்லிப் பெயரோடு திரிகிறது. 1845இல் ஆல்பர்ட் கோக் என்ற ஆசாமி இன்னும் ஒருபடி மேலே போனார். பல பாசிலோசாரஸ்களின் எலும்புகளைக் கோத்து 114 அடிக்குக் 'கடற்பாம்பு' ஒன்றைத் தயாரித்து, நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். குட்டு உடைந்ததும் கடைசியில் அதைப் பிரஷ்ய மன்னர் தலையில் கட்டினார்.

டார்வினும் தப்பவில்லை. வாயைப் பிளந்தபடி நீந்திப் பூச்சி பிடிக்கும் கறுங்கரடி ஒன்றைச் சொல்லி, இப்படியே போனால் திமிங்கிலம் மாதிரி ஒன்று வரக்கூடும் என்று 1859இல் எழுதினார். ஊர் கைகொட்டிச் சிரித்தது. அடுத்த பதிப்பில் அந்த ஊகத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டார். உத்தி சரி, ஆள்தான் மாறிவிட்டது. மரபணுவைப் பார்த்தால் இன்றிருக்கும் உயிர்களில் திமிங்கிலத்துக்கு நெருங்கிய சொந்தம் நீர்யானை. பாகிஸ்தானில் கிடைத்து 2001இல் அறிவிக்கப்பட்ட பழைய திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பும் ஆடு, மாடு, நீர்யானை வகையைத்தான் காட்டியது.

பிறந்த வீட்டுக்குத் திரும்பினாலும் பழைய செவுளைக் கேட்டு வாங்க முடியவில்லை. உலகத்திலேயே பெரிய பிராணியான நீலத் திமிங்கிலம்கூட மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். மீன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும். திமிங்கிலம் மேலும் கீழுமாக அடிக்கும், நாலுகால் பாய்ச்சலில் முதுகு வளைந்த அந்தக்காலப் பழக்கம். பல்லில்லாத திமிங்கிலத்தின் கருவில் பல் முளைவிட்டுப் பிறகு கரைந்துபோகிறது. இடுப்பெலும்பு இன்னமும் சதைக்குள் புதைந்திருக்கிறது. 1919இல் கனடாவின் வான்கூவர் தீவருகே பிடிபட்ட ஒரு கூனல் திமிங்கிலத்தின் உடம்பிலிருந்து, 4 அடிக்கும் அதிகமான நீளத்தில் இரண்டு பின்னங்கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.