ஸ்டே வாங்கிய கேள்வித்தாள்

2024 மார்ச்சில் பெங்களூரு அஞ்சாங்கிளாஸ் பிள்ளைகளுக்குப் பாடத்தைவிடச் சட்டம்தான் நன்றாக ஏறியது. 5, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்கு வாரியத் தேர்வு செல்லாது என்றார் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி. அது 6ஆம் தேதி. மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. 11ஆம் தேதி தேர்வு தொடங்க, 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டதில் பாதியில் நின்றது. மீதியை 25ஆம் தேதியிலிருந்து எழுதினார்கள். ஏப்ரல் 8இல் ரிசல்ட்டுக்கும் தடை!

"அப்பா, நாளைக்குக் கணக்குப் பரீட்சை உண்டா?"

"கோர்ட்டு என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்டா, நீ மொதல்ல சாப்பிடு." அல்சூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு இதே பதில்தான்.

பயமில்லாமல், தொடர்ச்சியாக மதிப்பிட வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு. தொடர்ச்சிக்கு என்ன குறை? வாய்தாதான் விடாமல் தொடர்ந்ததே. தேர்வு ஃபெயிலாக்க அல்ல, பின்தங்கியவரைக் கண்டுபிடிக்கத்தான் என்றது அரசு. பின்னம் வராத பையன் யாரென்று வகுப்பு டீச்சருக்கு ஆரம்பத்திலேயே தெரியும். கேட்டிருக்கலாம், ஆனால் அவர் தேர்தல் டியூட்டிப் பயிற்சிக்குப் போயிருந்தார்.