பாதி வெளிச்சம், பாதி பேட்டரி

சிவனும் திருமாலும் ஒரே திருமேனியில் பாதிப் பாதியாக நிற்கும் சங்கரன்கோவிலில், பாதி வெளிச்சத்தாலும் பாதி பொத்தான் பேட்டரியாலும் இயங்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டர், அதாவது கூட்டல் கழித்தலோடு மடக்கை, சைன், காஸ் முதலியவற்றையும் கணக்கிடும் கைக்கருவி, பக்தியுடன் போற்றப்படுவதில் வியப்பில்லை. பிளஸ் டூ வரை மடக்கை அட்டவணையைப் புரட்டிக் கண் பூத்துப்போன பிள்ளைக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்ததும், விசைத்தறிக் கூலியில் ஆயிரம் ரூபாயை ஒட்டிய தொகையை எடுத்துவைத்து வாங்கப்படும் கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ்ஸில் 401 செயற்பாடுகள் உண்டு; அவற்றுள் முந்நூற்றுச் சொச்சம் எவர் தொந்தரவுமின்றி ஓய்வெடுக்கின்றன. 1972இல் ஹியூலெட்-பேக்கார்டு வெளியிட்ட எச்பி-35 என்னும் முன்னோடி 395 டாலருக்கு விற்றதை நினைத்தால் இது மலிவுதான். பல மடங்கு வல்ல கைப்பேசி சட்டைப்பையில் கிடக்க இது ஏன் விலைபோகிறது எனின், அதன் இயலாமையே அதன் தகுதி: இணையம் அறியாது, நிரல் ஏற்காது, ஆகவே தேர்வுக்கூடத்தில் அனுமதி உண்டு. பாகையைக் குறிக்கும் 'டி' என்னும் எறும்பளவு எழுத்து திரையின் மேல்விளிம்பில் 'ஆர்' ஆகி, ரேடியன் என்னும் மற்றோர் அளவுக்குத் தாவியிருப்பின், சைன் 30க்கு 0.5 வரவேண்டிய இடத்தில் மைனஸ் 0.988 வரும், கருவியே சொல்லிவிட்டதால் மாணவர் அதை மறுபேச்சின்றி எழுதிவைப்பார். பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வோ கருவியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, கணினித் திரையில் அதன் பொத்தான்களைப் படமாக வரைந்து, மவுஸால் ஒவ்வொன்றாக அமுக்கச் சொல்கிறது.