எலும்பும் காப்பியும்

மனிதன் ஐம்பதை எட்டிய பிறகு, மாடிப்படி ஏறுகையில் முழங்கால் ஒரு முறை ‘மளுக்’கென்று சப்தித்துவிட்டால் போதும், அதுகாறும் அவனுடைய தேக ஸ்திதியைப் பற்றிக் கிஞ்சித்தும் விசாரம் கொள்ளாத பந்துக்கள் யாவரும் தன்வந்திரியின் அவதாரங்களாக மாறி, குற்றவாளி காப்பியே என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்துவிடுகிறார்கள். எனக்கும் அந்தப் பாக்கியம் சித்தித்தது. “மாப்பிள்ளே, காப்பி எலும்பைக் கரைச்சுடும், இன்னியோட விட்டுடுங்கோ” என்று என் மாமனார் உபதேசித்தபோது, பேரனுக்காக அவர் திறந்த கோலா பாட்டில் அவர் கையிலேயே நுரைத்துக்கொண்டிருந்தது. பெரியவர்களிடம் வெறுங்கையோடு வாதாடலாகாது என்பதால், புத்தகங்களைப் புரட்டிக் காப்பியின் பற்று வரவைத் தணிக்கை செய்யத் தொடங்கினேன்.

காப்பி முற்றிலும் நிரபராதி என்று சாதிக்க எனக்கே மனச்சாட்சி இடந்தரவில்லை. அதிலுள்ள காஃபீன், கால்சியம் குடலில் சேர்வதைச் சற்றுக் குறைத்து, சிறுநீர் வழியாகவும் கொஞ்சத்தை வெளியேற்றுகிறது என்பது மெய். ஆனால் ஒரு கோப்பைக்கு அந்த நஷ்டம் ஏறக்குறைய 5 அல்லது 6 மில்லிகிராம்தான்; 100 மில்லிலிட்டர் பசும்பாலிலோ சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆகவே, டிகாக்ஷனைவிடப் பாலே மிகுதியாக, நுரை ததும்ப டபராவில் வந்து இறங்கும் கும்பகோணம் டிகிரி காப்பி, எடுப்பதைக் காட்டிலும் கொடுப்பதே அதிகம். சிக்கரியில் காஃபீன் அறவே கிடையாது. பொடியில் அதைக் கூடுதலாகக் கலந்துவிட்டாரென்று கடைக்காரரை வைகிறவர்கள், எலும்பின் சார்பில் அவருக்கு வந்தனம் கூறக் கடமைப்பட்டவர்கள். நஷ்டமெல்லாம், பாலில்லாத கடுங்காப்பியை நாள் முழுதும் அருந்திவிட்டு, மோர், கேழ்வரகு இவற்றின் பக்கம் தலைவைத்தும் படுக்காத பிரகிருதிகளுக்கே.

கோலாவின் சமாசாரம் வேறு. அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் என்னும் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் ஆராய்ச்சியில், நாள்தோறும் கோலா அருந்திய பெண்களின் இடுப்பெலும்பு அடர்த்தி குறைந்து காணப்பட்டதாக 2006-இல் அறிவித்தார்கள். மற்றச் சோடா வகைகளுக்கு அந்தப் பழி ஏற்படவில்லை. கோலாவிலுள்ள பாஸ்பாரிக் அமிலத்தின்மேல் சந்தேகம் விழுந்திருக்கிறது. அது எவ்வாறாயினும், ஏறக்குறைய முப்பது வயது வரையில் எலும்பு தன் மூலதனத்தைச் சேர்க்கும் காலத்தில், பால் அமரவேண்டிய ஆசனத்தில் கோலா ஜம்மென்று வந்து உட்கார்ந்துகொள்வது அநியாயமல்லவா?

இவ்வளவையும் நான் விநயத்தோடு விண்ணப்பித்துக்கொண்டபோது, மாமனார் பாட்டிலை மெல்ல மேஜைக்கடியில் நகர்த்திவிட்டு மௌனமானார். ஆனால் சமையலறையிலிருந்து என் மனைவி, “புண்ணியமெல்லாம் பாலுக்குன்னா, பாலையே குடிச்சுட்டுப் போங்கோளேன், நடுவிலே காப்பி எதுக்கு?” என்று கேட்டாள். எந்தச் சாஸ்திரத்திலும் இதற்குச் சமாதானம் காணப்படாமையால், நானே ஒன்றை உண்டாக்க வேண்டியதாயிற்று.

“எலும்பு கெட்டியா இருக்கணும்கிறதே, விடியற்காலையிலே எழுந்து, சமையலறை வரைக்கும் நடந்து வந்து, காப்பி குடிக்கறதுக்குத்தானே!” என்றேன்.