மூடிய டிரெய்லர் கேட்டு மானிய மேலிடத்துக்கு ஒரு மனு

அனுப்புநர்: மண்டகப்பட்டில் நெல் போட்டிருப்பவன், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்: வேளாண் இயந்திரங்களுக்கு மானியம் வழங்கும் மேலிடத்து அதிகாரி அவர்கள்.

பொருள்: அறுவடை மெஷினை ஏற்றி வர மூடிய டிரெய்லர் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. மகேந்திரவர்ம பல்லவரின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு, ஏழாம் நூற்றாண்டு. 2. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(46).

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வை ஒன்றில் கண்ட கல்வெட்டு எங்கள் ஊர்க் குன்றில் குடைந்த கோயிலில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன், அதாவது அதே மகேந்திரவர்மர், எடுத்த கோயில் இது என்பது அதன் செய்தி. என்னென்ன சேர்க்கக்கூடாது என்று எழுதி வைத்துவிட்டு, அதன்படியே வேலையையும் முடித்துக் காட்டிய டெண்டர் அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் வந்ததாக நினைவில்லை. நிற்க.

எங்கள் பக்கம் நெல் அறுக்க இரண்டு வகை மெஷின் வரும். காய்ந்த வயலுக்கு டயர் மெஷின், சேற்று வயலுக்குச் செயின் மெஷின். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது தங்கள் கோப்பிலும் இருக்கும். அப்படிப்பட்ட வருஷத்தில் டயர் மெஷினை வயலில் இறக்கினால், அதைத் தூக்க இன்னொரு மெஷினைக் கூப்பிட வேண்டும். ஆகவே செயின் மெஷின்தான்.

பேர்தான் செயின், ஓடுவது ரப்பர் பெல்ட்டில். சேற்றில் ராஜா மாதிரிப் போகும் அந்த மெஷினைத் தார்ச்சாலையில் ஓட்டினால் பெல்ட் தேய்ந்து போகும். அதனால் ஏறத்தாழ மூன்று டன் எடையுள்ள அது, ஆத்தூர்ப் பக்கமிருந்தோ ஆந்திராவிலிருந்தோ இன்னொரு வண்டியின் முதுகில் ஏறித்தான் எங்கள் ஊருக்கு வருகிறது. வாங்குவதற்கு 40, 50 சதவீதம் என்று மானியம் உண்டு. மணி வாடகைக்கு மாவட்ட நிர்வாகம் கூட்டம் போட்டு விலை நிர்ணயிப்பதும் உண்டு. அது வயலுக்கு எப்படி வந்து சேரும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. மெஷின் வானத்திலிருந்து வரப்பில் இறங்குகிறது என்று தாங்கள் நினைத்திருக்கலாம். புரோக்கர் சொல்லும் ஏற்றுக்கூலியைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

கனடா, அமெரிக்காவிலும் இதே மாதிரி பெல்ட்டில் ஓடும் வண்டி ஒன்று உண்டு, ஐயா. ஸ்னோமொபைல் என்று பெயர். கியூபெக் மாகாணத்துக்காரர் பொம்பார்டியர் 1959இல் ‘ஸ்கி-டூ’ என்ற பெயரில் விற்பனைக்கு விட்ட பிறகு பரவியது. பனியில் பறக்கும், தார்ச்சாலையில் ஆகாது. எடை நம்மூர் புல்லட் பைக்கைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் அதை ஏற்றிப் போக மூடிய டிரெய்லர் வாங்குவதற்கு அவர்கள் நடத்தும் யோசனையைக் கேட்டால், பெண் பார்க்கப் போனவர்கள் தோற்றார்கள். சட்டம் அலுமினியமா இரும்பா? காற்றைக் கிழிக்க முன்பக்கம் கூராக வேண்டுமா? ரிவர்ஸ் எடுக்கும் சிரமம் இல்லாமல் பின்னால் ஏற்றி முன்னால் இறக்க இரண்டு பக்கமும் சாய்வுக் கதவு உண்டா? கட்டிப் போடத் தரையில் வளையம் எத்தனை? குளிர்காலத்தில் அங்கே சாலையில் உப்புத் தூவுவார்கள். அது இரும்பை அரித்துவிடும் என்பதால்தான் அலுமினியமா என்ற கேள்வி. இவ்வளவும் விளையாட்டு வண்டிக்கு!

எங்கள் செயின் மெஷினுக்கு நடக்கும் மரியாதையைச் சொல்கிறேன். லாரியைச் சாலையோர மேட்டுக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோய் ஒட்டி நிறுத்துவார்கள். மேடு கிடைக்காவிட்டால் இரண்டு இரும்புப் பலகை. டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றுவார்; கீழே நின்று நான்கு பேர் நான்கு விதமாகக் கை காட்டுவார்கள். ஏறியதும் பெல்ட்டுக்கு முன்னும் பின்னும் கருங்கல், குறுக்கே நைலான் கயிறு. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தில் ஒரு சிவப்புத் துணி. துணி அகப்படாவிட்டால் வேப்பங்கொத்து. அம்மன் பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கையில் விழுப்புரம்–செஞ்சி சாலையில் இரவு பதினொரு மணிக்கு வண்டி கிளம்பும்.

டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லரின் கதையும் இதுதான். பார்வை இரண்டின்படி அது தனி வாகனம். அதற்குத் தனிப் பதிவு எண் உண்டு. கரும்பு ஏற்றி முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகிற வண்டியின் பின்னால் போய்ப் பாருங்கள். நம்பர் பிளேட் கரும்புத் தோகைக்குள் தவம் இருக்கும். பின்விளக்கு இருந்த இடத்தில் ஒயர் மட்டும் தொங்கும். 2025 செப்டம்பர் 22 முதல் அறுவடை இயந்திரங்களுக்கும், தானாக ஏற்றி இறக்கும் விவசாய டிரெய்லர்களுக்கும் ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததற்கு நன்றி. எங்கள் டிரெய்லர்கள் ஏற்கெனவே அந்த வகைதான். ஒவ்வொரு வேகத்தடையிலும் கரும்பு தானாகவே இறங்கிவிடுகிறது.

எனவே மூடிய டிரெய்லரைத் தேர்வு செய்யக் குழு ஒன்று அமைக்கப் பணிவுடன் வேண்டுகிறேன். குழு கனடா போவதானால் ஜனவரியில் போகட்டும். மே மாதம் போனால் பனியும் இருக்காது, டிரெய்லரும் கொட்டகையில் இருக்கும். நம்மூர் வெயில் மட்டும் தப்பும். செலவு கட்டுப்படியாகாது என்று நிதித்துறை சொன்னால் மகேந்திரவர்மரின் விவரக்குறிப்பையே எடுத்துக்கொள்ளலாம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். துருப்பிடிக்காது, எஃப்.சி. எடுக்க வேண்டாம், மழை உள்ளே வராது, இரண்டு பக்கமும் துவாரபாலகர் காவல் வேறு. நகராது என்பது ஒன்றுதான் குறை. அதைத் தங்கள் அலுவலகத்தில் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பகடி போதும், ஐயா. உள்ளபடி யோசித்தால் எங்களுக்கு மூடிய பெட்டி ஒத்தே வராது. மெஷினே ஆள் உயரத்துக்கு மேல். அதற்குக் கூரை போட்டு லாரியில் நிறுத்தினால், வயலோரம் தொங்குகிற கரண்டுக் கம்பியில் போய் இடிக்கும். எங்களுக்கு வேண்டியது தரையோடு தாழ்ந்த ஒரு டிரெய்லர், அதோடு சேர்ந்த சாய்வுப் பலகை, கயிற்றுக்குப் பதில் சங்கிலியும் கொக்கியும், பின்னால் எரிகிற இரண்டு சிவப்பு விளக்கு. மெஷினுக்கு மானியம் கொடுக்கும்போது இவையும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாடகை நிர்ணயிக்கும் கூட்டத்தில் ஏற்றுக்கூலியையும் சேர்த்து நிர்ணயித்து அறிவியுங்கள். தை அறுவடைக்கு வண்டிகள் கிளம்பும் முன்பு, விளக்கையாவது மாட்டச் சொல்லி உத்தரவு போட வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்த வண்டிகளுக்குப் பின்னால் இரவில் பைக் ஓட்டுபவன்.