பாரபட்சமே இல்லாத டாக்டர் ஆவது எப்படி?

முதலில், உங்களிடம் பாரபட்சம் கிடையாது என்று முடிவு செய்துவிடுங்கள். நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே செய்துவிட்டால் ஓ.பி. வேகமாக நகரும்.

பிறகு மரியாதை. பட்டுச்சேலை கட்டி வந்தவரிடம் "சொல்லுங்கம்மா" என்றும், கைலியோடு வந்த பெரியவரிடம் "என்னய்யா உனக்கு?" என்றும் கேளுங்கள். இருவருக்கும் அறுபது வயது என்று ஓ.பி. சீட்டில் இருக்கும், கண்டுகொள்ள வேண்டாம். யாராவது முகம் சுளித்தால், உரிமையோடு பேசினால்தான் கிராமத்து ஜனங்களுக்குப் பிடிக்கும் என்று சொல்லிவிடலாம். அந்த உரிமையைக் கலெக்டரின் அம்மாவிடம் மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புதிதாக வந்த நர்ஸிடம் ஊரைக் கேளுங்கள். அதோடு நிறுத்தாமல் "அங்கே எந்தத் தெரு?" என்றும் கேளுங்கள். சும்மா ஒரு அக்கறைதான்.

பிரசவ வார்டுக்குத் தனித் திறமை வேண்டும். கத்துகிறவளை அதட்டுங்கள். கூலி வேலை செய்து பழகிய உடம்புக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று நம்புங்கள். இதற்கு ஆதாரம் உண்டா என்று யாராவது ஹவுஸ் சர்ஜன் கேட்டால் அமெரிக்காவைக் காட்டுங்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையின மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், கறுப்பர்களின் தோல் தடிமனானது என்பது போன்ற ஒரு பொய்யையாவது நம்பினார்கள். அப்படி அதிகம் நம்பியவர்கள் கறுப்பர்களின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். ஆக, நீங்கள் தனியாள் இல்லை. மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த 'லக்ஷ்யா' திட்டத்தில் பிரசவ அறையில் தாயை மரியாதையாக நடத்துவதும் சேர்த்தி என்பதை மட்டும் அந்தப் பையனிடம் சொல்லிவிடாதீர்கள்.

மனிதர்களை நம்ப முடியாதென்றால் கருவியை நம்புங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டர் நிறம் பார்க்காது. 2020-இல் வந்த மிச்சிகன் ஆய்வு பார்க்கும் என்கிறது: உடலில் ஆக்சிஜன் குறைந்திருப்பதை அது கோட்டைவிடுவது, வெள்ளையரைவிடக் கறுப்பரிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகமாம். கொரோனாவில் நாம் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த அதே கருவிதான். நம் தோல் நிறத்தைப் பற்றி யோசித்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பயிற்சி வகுப்பில் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று வந்தால், பன்மையில் ஒப்புக்கொள்ளுங்கள்: "நம்ம எல்லாரிடமும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது." 'நான்' என்ற சொல் வரக் கூடாது. "ஏழாம் நம்பர் பெட் அம்மாவுக்கு வலி ஊசி லேட்டா எழுதினேன்" என்று ஒருவர் ஆரம்பித்தால், மற்றவர்களுக்குக் கேஸ் ஷீட்டைப் புரட்டத் தோன்றும். யார் எத்தனை மணிக்கு வலி என்றார், ஊசி எத்தனை மணிக்குப் போட்டது, எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு மாதத்து ஷீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். அதனால் ரெக்கார்டு ரூம் சாவி பத்திரம், டாக்டர்.